மக்னீசியக் கூடு

ஜெர்மனி நாட்டின் ஸ்டுட்கார்ட் நகருக்கு அண்மையில், நெக்கார் ஆற்றங்கரையோரச் சிற்றூர் ஒன்றில், நாங்கள் இருவரும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒரு சிறு மோட்டார் பட்டறை நடத்தி வந்தோம். எங்களுள் ஒருவர் லேத்தின் முன்னும், பிரித்துப் போட்ட என்ஜின்களின் முன்னும் நின்றவர். மற்றவர் கணக்குப் புத்தகத்தின் முன் அமர்ந்தவர். கணவன் மனைவியருள் யார் எந்த வேலை செய்தவர் என்பதை வாசகர்கள் தாமே ஊகித்துக் கொள்ளட்டும். பெரும்பாலோர் தவறாகவே ஊகிப்பர் என்பது எங்கள் அனுபவம்!

2018ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு மாலைப் பொழுது. பட்டறையின் கதவைச் சாத்தும் வேளையில், எங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு கார் முற்றத்திற்குள் நுழைந்தது. அதன் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், பூகோளம் கற்பித்தவர். வயது எழுபத்தொன்பது. 1974ஆம் ஆண்டில் செய்யப்பட்ட போர்ஷே 911 அது. 1981இல் அவர் அதைப் பழைய வண்டியாக வாங்கினார். ஆசிரியர் ஒருவருக்கு இத்தகைய கார் எதற்கு என்று அன்று அவருடைய உறவினர் பலரும் கேட்டனராம். அவருடைய மனைவி மட்டும் கேட்கவில்லை. ஒவ்வொரு கோடையிலும் இருவரும் அதில் ஏறி, போடன்சே என்னும் பெரிய ஏரிக்குப் போய் வருவது வழக்கம். அந்த அம்மையார் 2015இல் காலமானார்.

"கேளுங்கள்," என்றார் பெரியவர், என்ஜினை நிறுத்தாமலேயே. கேட்டோம். ஆறு சிலிண்டர்களின் சீரான ஓசைக்கு நடுவே, மூச்சுத் திணறுகிறவரின் இளைப்பைப் போல, 'புசுக், புசுக்' என்று ஒரு சிறு ஒலி. காரின் பின்புறத்தடியில் எண்ணெய் சொட்டி, சூடான குழாய்களின் மீது பட்டுப் புகைந்து கொண்டிருந்தது. பட்டறைக்காரருக்கு அந்த ஒலி போதும். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டோம். அந்தப் பார்வையில் பெரியவர் அறியாத வேறொன்றும் இருந்தது. அதைப் பின்னர் கூறுவோம்.

நம் வாசகக் குடும்பங்களுள் இத்தகைய காரை வைத்திருப்போர் எவரும் இரார். ஆகையால் அதன் அமைப்பைப் பற்றிச் சில சொற்கள் கூறியே தீர வேண்டும்.

1963ஆம் ஆண்டு பிராங்பர்ட் கண்காட்சியில் 901 என்ற எண்ணோடு இந்தக் கார் அறிமுகமாயிற்று. நடுவில் சுழியம் கொண்ட மூன்றிலக்க எண்களைத் தாங்களே பெயராக வழங்கி வருவதாகப் பிரான்சு நாட்டின் பெஜோ நிறுவனத்தார் ஆட்சேபித்ததால், மறு ஆண்டே அது 911 ஆயிற்று. இதன் என்ஜின் முன்புறத்தில் இல்லை. பின் சக்கரங்களுக்கும் பின்னால், காரின் கடைக்கோடியில் இருக்கிறது. இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்றாகச் சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருக்கும். குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது; பெரிய விசிறி ஒன்று வீசும் காற்றும், ஏறத்தாழ 13 லிட்டர் எண்ணெயுமே அதன் சூட்டைத் தணிக்க வேண்டும். 1998இல் காற்றால் குளிரும் கடைசி என்ஜின் செய்து முடிக்கப்படும் வரை இந்த முறையே நீடித்தது.

இத்தனை கனமும் வாலில் தொங்கினால் வளைவுகளில் கார் என்ன செய்யும் என்பதை, வாலில் கல் கட்டிய காற்றாடியை விட்டவர்கள் அறிவார்கள். எனவே பின்பாரத்தை எவ்வாறேனும் குறைக்க வேண்டும் என்பதே அதை வடிவமைத்தோரின் ஓயாத விசாரமாயிருந்தது. என்ஜினின் எலும்புக்கூடு போல, கிராங்க் சாப்டைத் தன்னுள் தாங்கி, சிலிண்டர்களை இருபுறமும் சுமக்கும் கூட்டைப் பட்டறையில் கேஸ் என்போம். அது தொடக்கத்தில் அலுமினிய வார்ப்பாக இருந்தது. 1960களின் இறுதியில் அதை மக்னீசியத்திற்கு மாற்றினார்கள். ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு 7.87 கிராம் நிறை உடையது, அலுமினியம் 2.70, மக்னீசியமோ 1.74 கிராமே. வாலிலிருந்து பல கிலோ ஒரேயடியாகக் குறைந்தது. பொறியாளர்கள் மகிழ்ந்தனர். அவர்கள் மகிழ்ந்ததில் தவறில்லை. அக்காலத்து இரண்டு லிட்டர் என்ஜினுக்கு அந்தக் கூடு தாராளமாகப் போதுமானதாகவே இருந்தது.

பின்னர் என்ஜின் வளரத் தொடங்கியது. 2.0 லிட்டர் 2.2 ஆயிற்று, பின்னர் 2.4, 1974ஆம் ஆண்டுக் கார்களில் 2.7. சிலிண்டரின் குறுக்களவு 90 மில்லிமீட்டர் வரை சென்றது. கூட்டின் வெளி அளவோ அதுவே. சிலிண்டர்கள் அமரும் துளைகளைப் பெரிதாக்க வேண்டியிருந்ததால், அவற்றைச் சூழ்ந்த உலோகம் அந்த அளவுக்கு மெலிந்தது. அந்த மெலிந்த உலோகத்தில்தான் ஒரு சிலிண்டருக்கு நான்காக, மொத்தம் 24 நீண்ட எஃகு ஸ்டட்கள் மரையிட்டு முடுக்கப்பட்டுள்ளன. சிலிண்டரையும் அதன் தலையையும் கூட்டோடு சேர்த்துப் பிணைத்து நிற்பவை இவையே. ஒவ்வொன்றும் தாங்கும் இழுவிசை ஒன்றரை டன்னுக்குக் குறையாது.

என்ஜின் குளிர்ந்திருக்கும்போது யாவும் நலமே. சூடேறும்போதுதான் தொல்லை. பித்தளைப் பாத்திரத்தில் இறுகிய மூடியைச் சுடுநீர் காட்டித் திறக்கும் இல்லத்தரசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: எல்லா உலோகமும் சூட்டில் ஒரே அளவாக நீள்வதில்லை. 150 பாகை சூடேறினால், 100 மில்லிமீட்டர் நீளமுள்ள அலுமினியம் ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர் நீளும். அதே நீள எஃகு அதில் பாதியே நீளும். சிலிண்டரும் தலையும் அலுமினியம்; அவற்றைக் கட்டியிருக்கும் ஸ்டட் எஃகு. நெருப்புக்கு அண்மையில் இருப்பது சிலிண்டர். ஸ்டட்டோ புறத்தே காற்றில் நிற்பது. ஆகவே வேறுபாடு இன்னும் கூடுமேயன்றிக் குறையாது. நீள விரும்பும் சிலிண்டர், நீள மறுக்கும் ஸ்டட்டை இழுக்கிறது. ஸ்டட் வலியது, அறுவதில்லை. அதன் வேர் பதிந்திருக்கும் மக்னீசியமோ மென்மையானது. சூட்டில் இன்னும் இளகுவது. ஒவ்வொரு பயணத்திலும் மயிரிழை மயிரிழையாக மரை இழுபட்டு, ஒரு நாள் பற்களைப் போலக் கையோடு வந்துவிடும். அப்போது சிலிண்டர் தலை தூக்கிக் கொள்கிறது. இடுக்கில் எரிவாயு சீறுகிறது. பெரியவர் கேட்ட 'புசுக், புசுக்' அதுதான். அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட சில ஆண்டுக் கார்களில், புகையைத் தூய்மையாக்குவதற்கென்று சேர்த்த வெப்பக் கலங்கள் என்ஜினை மேலும் வாட்டியதால், இத்தொல்லை அங்கே இன்னும் விரைவில் தலைகாட்டியது.

வால்வு மூடியைக் கழற்றி, நீண்ட அறுகோணச் சாவியைச் செலுத்தி, தலையைப் பிணைக்கும் நட் ஒன்றைத் திருகிப் பார்த்தோம். திருகத் திருகச் சுழன்றது, எங்கும் பிடிக்கவில்லை.

இனி, அந்தப் பார்வையின் பொருளைக் கூற வேண்டும்.

1996ஆம் ஆண்டில் இதே கார், எண்ணெய்க் கசிவுக்காக எங்களிடம் வந்தது. நாங்கள் பட்டறை தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வேலையும் குறைவு, கடனோ மிகுதி. வலப்புறத்துத் தலைகளைக் கழற்றியபோது, இரண்டு ஸ்டட்கள் மரையோடு பெயர்ந்திருக்கக் கண்டோம். செய்ய வேண்டியது இன்னதென்று அப்போதே எங்களுக்குத் தெரியும். என்ஜினை முழுவதும் பிரித்து, கூட்டை மேசை மீது கிடத்தி, 24 துளைகளையும் துளைத்துப் பெரிதாக்கி, உள்ளும் புறமும் மரை வெட்டிய சிறு எஃகுக் குழல்களை அவற்றில் முடுக்க வேண்டும். குழலின் அகன்ற வெளிமரை மென்மையான உலோகத்தில் அதிகப் பரப்பைப் பற்றிக் கொள்ளும். உள்மரை எஃகாதலால் ஸ்டட்டின் இழுப்புக்கு ஈடு கொடுக்கும். அதற்கு மூன்று வார வேலை. எங்களுக்கோ, மாத முடிவுக்குள் ஒரு தொகை கைக்கு வந்தாக வேண்டியிருந்தது. பெயர்ந்த இரண்டு துளைகளுக்கு மட்டும் குழலிட்டு, மற்ற 22ஐயும் தொடாமல், என்ஜினை மூடினோம். பட்டியலில் 'என்ஜின் சீரமைப்பு' என்று ஒரே வரி எழுதினோம். பெரியவர் பணத்தை எண்ணிக் கொடுத்து, நன்றி கூறிச் சென்றார். எத்தனை துளைகள் என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. அக்கார் ஒவ்வொரு முறை முற்றத்துக்குள் வரும்போதும், எங்களுள் ஒருவர் அதன் ஓசைக்குச் செவி சாய்ப்பதும், மற்றவர் அதை ஓரக்கண்ணால் கவனிப்பதும் எங்களுக்குள் பேசப்படாத வழக்கமாயிற்று.

நவம்பரில் என்ஜினை இறக்கிப் பிரித்தோம். நாங்கள் குழலிட்ட இரண்டு துளைகளும் அசையாமல் நின்றன. மற்ற 22இல் ஏழு பெயர்ந்திருந்தன. அந்த ஏழில் ஒன்றிலிருந்து சிலிண்டர் அமரும் வளையத்தை நோக்கி மெல்லிய கோடு ஒன்று ஓடியது. சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்து, வெண்பொடி தூவிச் சற்றுப் பொறுத்தோம். கோடு செந்நூல் போல எழுந்து வந்தது. வெடிப்பேதான். (இரும்பாயின் காந்தத்தால் சோதிக்கலாம், மக்னீசியத்தைக் காந்தம் அறியாது.) போதாக்குறைக்கு, கிராங்க் சாப்ட் சுழலும் பேரிங் இருக்கைகள், கூட்டின் இரு பாதிகளும் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று உரசியதால், வட்டம் கெட்டு நீள்வட்டமாகியிருந்தன.

இந்நிலையில்தான் பெரியவரின் மருமகன், பழைய கார்களை வாங்கி விற்கும் வணிகர் ஒருவரை அழைத்து வந்தார். மருமகனை நாங்கள் குறை கூற மாட்டோம். மாமனாரின் கண் பார்வை மங்கி வருகிறது. இன்னும் எத்தனை நாள் ஓட்டுவார். விலை உயர்ந்திருக்கும் இக்காலத்தில் விற்றுவிட்டால், அவருடைய முதுமைக்கு ஆகுமே என்பது அவர் எண்ணம். வணிகர் கூட்டைத் தட்டிப் பார்த்தார். நகத்தால் வெடிப்பைக் கீறினார்.

"இதை எறிந்துவிடுங்கள். நல்ல கூடு ஒன்று என்னிடம் உண்டு," என்றார்.

தொழிற்சாலை மாற்றுப் பொருளாக அளித்த கூடு அது, எண் பொறிக்கப்படாதது. எண்ணைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். விசிறியின் பக்கத்தில், கூட்டின் மேல் ஒரு சிறு சமதளத்தில், ஒவ்வொரு என்ஜினுக்கும் உரிய எண் பொறித்திருக்கும். எந்தக் காருக்கு எந்த எண் என்பது தொழிற்சாலையின் பழைய அட்டைகளில் பதிவாகியுள்ளது. இரண்டும் பொருந்தினால் காருக்கு ஒரு விலை. பொருந்தாவிட்டால் வேறொரு விலை. இடையே உள்ள தூரம் சிறிதன்று.

"பழைய எண்ணையே புதுக்கூட்டில் பொறித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? அச்செழுத்துகள் என்னிடமே உள்ளன," என்றார் வணிகர், ஏதோ பொத்தான் தைப்பதைப் பற்றிப் பேசுகிறவரைப் போல. பெரியவர் அன்று வரவில்லை. மருமகன் எங்களைப் பார்த்தார். யோசித்துச் சொல்கிறோம் என்றோம்.

மனம் திறந்து சொல்வதாயின், அன்றிரவு நாங்கள் உறங்கவில்லை. எண்ணைப் பொறிப்பது பொய் என்பதில் எங்களுக்குள் பேச்சே இல்லை. எங்களை அலைக்கழித்தது வேறு. எண் பொறிக்காமலேயே புதுக்கூட்டைப் போடலாம் அல்லவா? அது நேர்மையான வேலை, விரைவில் முடியும். பழைய கூடு குப்பைக்குப் போய்விடும். அதோடு 1996ஆம் ஆண்டின் இரண்டு எஃகுக் குழல்களும் போய்விடும். வேறொரு பட்டறைக்காரர் அந்தக் கூட்டைக் கண்டால் ஒரு நொடியில் அறிந்துகொள்வார், இருபத்து நான்கில் இரண்டை மட்டும் கட்டி அனுப்பியவர்கள் யார் என்று. உருக்காலைக்குப் போய்விட்டால் யார் அறிவார்? எங்களுள் ஒருவர் இதைச் சொல்லியே விட்டார். மற்றவர் நெடுநேரம் பேசாதிருந்து, "அவரிடம் போய்ச் சொல்லிவிடலாம்," என்றார். எவர் எதைச் சொன்னார் என்பதை எழுத எங்களுக்கு மனமில்லை. ஒருவர் சொன்னதை இருவருமே நினைத்திருந்தோம்.

மறு நாள் பெரியவரின் வீட்டுக்குச் சென்றோம். சமையலறை மேசையில் காப்பி ஊற்றி வைத்தார். சுவரில் போடன்சே ஏரியின் பெரிய நிலப்படம் ஒன்று தொங்கியது. நாங்கள் நடந்ததை நடந்தவாறே சொன்னோம். அவர் குறுக்கிடவில்லை. சொல்லி முடித்தபின், கோப்பையைத் திருப்பிக் கொண்டே கேட்டார்:

"அன்று எல்லாவற்றையும் செய்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்?"

சொன்னோம், மார்க் கணக்கில்.

"அந்த ஆண்டு என் மகள் பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டிருந்தாள். அவ்வளவு பணம் என்னிடம் இருந்திராது," என்றார். எங்கள் நெஞ்சு சற்றே இலேசாயிற்று. அவர் தொடர்ந்தார்: "ஆனால் கேட்டிருக்கலாம்."

அதற்கு மறுமொழி கூற எங்களிடம் சொல் இல்லை.

சிறிது நேரத்துக்குப் பின் கூட்டைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். என்னென்ன வழிகள் உண்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னோம். வணிகரின் எண்ணில்லாக் கூடு ஒன்று. பின்னாளில் 911 கார்களில் மீண்டும் வந்த அலுமினியக் கூடு மற்றொன்று. போர்ஷே நிறுவனமே மக்னீசியத்தை விட்டு அலுமினியத்துக்குத் திரும்பியது என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. உறுதியைப் பொறுத்தவரை அதற்கு நிகரில்லை. ஆயின் அதில் சிலிண்டர் அமரும் துளைகள் வேறு அளவு. கூட்டை மாற்றினால் சிலிண்டரும் பிஸ்டனும் கூடவே மாறும். வாலின் கனமும் ஏறும். கடைசியில் அது வேறொரு என்ஜினாகவே ஆகிவிடும். மூன்றாவது வழி, உள்ளதையே திருத்துவது. வெடிப்பைப் பற்றவைத்து, எல்லாத் துளைகளுக்கும் குழலிட்டு, பேரிங் இருக்கைகளை மீண்டும் கடைந்தெடுக்க வேண்டும். பற்றவைப்பு பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். செலவோ வணிகரின் கூட்டை விடக் கூடுதலே.

"எண்ணைப் பொறிப்பது பற்றி அவர் சொன்னாராமே?" என்றார்.

"நாங்கள் செய்வதாக இல்லை," என்றோம்.

"நல்லது. நான் விற்பதாகவும் இல்லை." பெரியவர் எழுந்து சன்னலைச் சாத்தினார். "திருத்துங்கள். பிடிக்காவிட்டால் அப்போது பார்ப்போம்."

கூலியே வேண்டாம் என்றோம். அவர் அதற்கு இணங்கவில்லை. "இரண்டு துளைகளுக்கு நீங்கள் அன்றே வாங்கிவிட்டீர்கள். இருபத்திரண்டு துளைகளுக்கு இப்போது வாங்குங்கள்," என்றார். பூகோள ஆசிரியரானாலும் கணக்கில் பிழை விடாதவர். வெடிப்பைப் பற்றவைக்கும் வேலைக்கு மட்டும் நாங்கள் ஒன்றும் பெறுவதில்லை என்று முடிவாயிற்று.

குளிர்காலம் முழுவதும் அந்தக் கூடு எங்கள் மேசையின் மீது கிடந்தது. முதலில் கழுவுதல். அலுமினியத்தைக் காரம் அரிக்கும், மக்னீசியத்தை அமிலம் அரிக்கும். இரண்டையும் ஒரே தொட்டியில் போடும் பட்டறைகள் உண்டு, அவற்றைப் பற்றிப் பேச்சு வேண்டாம். காரநீரில் ஊறவைத்து, எண்ணெய் செல்லும் ஒவ்வொரு கால்வாயின் அடைப்பையும் நீக்கித் தூரிகையிட்டோம். ஆயினும் நாற்பத்து நான்கு ஆண்டுகளின் எண்ணெய் வார்ப்பின் நுண்துளைகளில் ஊறிப் போயிருக்கும். கூட்டை அடுப்பிலிட்டு மெல்லச் சூடாக்கினால், முற்றிலும் துடைத்தாகிவிட்டது என்று நினைத்த இடத்தில் வியர்வை போல் அது அரும்பும். துடைத்து, மீண்டும் சூடாக்கி, மீண்டும் துடைத்தோம். நான்கு முறை. எண்ணெய் எஞ்சியிருந்தால் பற்றவைப்பு நுரைத்துப் போகும்.

வெடிப்பின் இரு முனைகளிலும் அது மேலும் ஓடாதபடி சிறு துளையிட்டு, இடைப்பட்ட பகுதியை வாய்க்கால் போலக் கீறினோம். பின்னர் கூட்டைச் சூட்டோடு எடுத்து, ஆர்கான் வாயுவின் திரையில், மக்னீசியக் கம்பி கொண்டு பற்றவைப்பு. பக்கத்தில் வாளி நிறைய உலர்ந்த மணல். மக்னீசியத் தூள் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எரியும் மக்னீசியம் தண்ணீரையே பிரித்து ஹைட்ரஜனை வெளியேற்றும். தீ சீறி எழும். பள்ளிச் சோதனைச் சாலையில் மக்னீசிய நாடாவைக் கொளுத்திய வெள்ளொளியை நினைவுகூர்வோருக்கு எங்கள் அச்சம் புரியும். மணலைத் தொட வேண்டிய தேவை ஏற்படவில்லை. முதல் முறை பற்றவைத்தது ஓரிடத்தில் துளை விழுந்து வீணாயிற்று; கீறி எடுத்துவிட்டு மறுபடி செய்தோம். மெல்ல ஆறட்டும் என்று கூட்டைக் கம்பளியில் பொதிந்து வைத்துவிட்டு, இரவு முழுவதும் அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முயன்றோம். காலையில் சாயம் தடவிப் பார்த்தோம். செந்நூல் எழவில்லை.

துளைகளின் வேலை பொறுமையைச் சோதிப்பது. ஸ்டட் கூட்டின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சிறிது சாய்ந்தாலும் சிலிண்டர் தலை அதில் இறங்காது. கைத்துளைப்பானால் ஆகாது. மில்லிங் இயந்திரத்தில் கூட்டைப் பூட்டி, ஒவ்வொரு துளையின் நடுவையும் அளந்து, துளைத்து, மரை வெட்டி, குழலை முடுக்கினோம். ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் செய்வதில்லை என்று வைத்துக்கொண்டோம். களைப்பில் ஒரு துளை பிழைத்தால் கூடே போயிற்று. 1996ஆம் ஆண்டில் இட்ட இரண்டு குழல்களை என்ன செய்வது என்று ஒரு கேள்வி எழுந்தது. அவை உறுதியாகவே இருந்தன. அவற்றை அப்படியே விட்டுவிட்டோம்.

பேரிங் இருக்கைகளை நேர்படுத்த எங்களிடம் இயந்திரம் இல்லை. அத்தொழிலையே செய்யும் வேறொரு பட்டறைக்கு அனுப்பினோம். கூட்டின் இரு பாதிகளும் சேரும் முகங்களை இழையளவு சீவி, பாதிகளைப் பூட்டி, எட்டு இருக்கைகளையும் ஒரே நேர்க்கோட்டில் மீண்டும் வட்டமாகக் கடைந்து தந்தார்கள்.

பிப்ரவரியில் என்ஜினைப் பூட்டினோம். கூட்டின் இரு பாதிகளுக்கும் நடுவே காகிதமோ தக்கையோ கிடையாது. உலோகத்தோடு உலோகம், இடையே மெல்லிய பசை மட்டும். தலைகளை முடுக்கும் நாளில் பெரியவர் வந்து ஒரு முக்காலியில் அமர்ந்து கொண்டார். சக்கரத்தின் நட்டுக்கு 130 நியூட்டன் மீட்டர் விசை வைக்கும் இந்தக் காரில், தலை நட்டுக்கு 33 மட்டுமே. வலிமையுள்ள எவரும் இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடவே விரும்புவர், இறுக்கினால் கேடு. டார்க் ரெஞ்ச் ஒவ்வொரு முறை 'டக்' என்று ஒலிக்கும்போதும் பெரியவர் விரல் விட்டு எண்ணினார். வலப்புறத்தில் இரண்டு இடங்களில் நாங்கள் சற்றே தயங்கினோம் போலும். "இவைதாமா அவை?" என்றார். ஆம் என்றோம். தலையசைத்துவிட்டு எண்ணிக்கையைத் தொடர்ந்தார். இருபத்து நான்கு.

2019ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கார் முற்றத்தை விட்டுச் சென்றது. முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குப் பின் எண்ணெய் மாற்ற மே மாதம் வந்தது. பார்வை மங்கிய காரணத்தால் பெரியவர் இப்போது இடப்புற இருக்கையில் இல்லை. மகள் ஓட்டி வந்தார், அவர் பக்கத்தில் அமர்ந்து வழி சொன்னார். கார் நெடுநேரம் ஆறும்வரை காத்திருந்து, வால்வு மூடிகளைக் கழற்றி, 24 நட்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தோம். எதுவும் அசையவில்லை. எஞ்சிய எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து மூடினோம். அவர்கள் இருவரும் அங்கிருந்தே தெற்கே, ஏரிக்குப் புறப்பட்டனர்.

அன்று மாலை, மேசை அடியிலிருந்த பழைய கணக்குப் புத்தகங்களுள் 1996ஆம் ஆண்டினதைத் தேடி எடுத்தோம். அட்டை பிய்ந்திருந்தது. 'என்ஜின் சீரமைப்பு' என்ற வரியைக் கண்டுபிடித்து, அதன் பக்கத்தில், இருவரும் பார்த்திருக்க, '2 துளைகள் மட்டும்' என்று எழுதி, அன்றைய தேதியை இட்டோம்.